மாப்பிள்ளைக்குத் தடை, மடுவில் ஜிலேபி

சோரியாங்குப்பம்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சம்பந்தி திரு. குழந்தைவேல் அவர்களுக்கு,

சுப்புராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அமுதமும் நலம். உங்கள் மகள் புவனேஸ்வரி நலம். ஆறாம் மாதம் முடியப் போகிறது, வாந்தி நின்றுவிட்டது, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளை அரிகரன் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளில் எப்படி என்பதுதான் இந்தக் கடிதம். திருக்கனூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் கரும்பும் புதிதாக வாங்கிய பசுவும் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் தபால் எழுதுகிறார் என்று தாங்கள் யோசிக்கலாம். தாங்கள் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். சம்பந்தியம்மாள் காதில் விழக் கூடாத இடங்கள் இதில் உண்டு. அவை பாத்திரம் சம்பந்தப்பட்டவை. மேலும், வில்லியனூர், பாகூர் பகுதிச் செய்திகளைப் பத்திரிகைக்கு அனுப்பியே தலை நரைத்தவன் நான். எழுதினால்தான் எனக்கு விஷயம் வரிசையாக வரும். பேசினால் மழை, கரும்பு விலை என்று போய்விடுகிறோம்.

சித்திரையில் நல்ல செய்தி தெரிந்து தாங்கள் பழத்தட்டுடன் வந்தது நினைவிருக்கும். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த செய்தி. அமுதம் அழுதாள், சம்பந்தியம்மாள் அழுதார், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தாங்கள் அரிகரனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னீர்கள்:

"மாப்ள, இனிமே கொழந்த பொறக்கற வரைக்கும் நீங்க ஒரு உசுரு எடுக்கக் கூடாது. எறும்பு கூட."

"சரிங்க மாமா."

"கையால மட்டும் இல்ல. வாயாலயும் சொல்லக் கூடாது. சொன்னாலும் செஞ்ச மாதிரிதான்."

"சரிங்க மாமா."

பிள்ளைத்தாய்ச்சியின் கணவன் உயிர் எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம்தான். அமுதம் மாசமாக இருந்தபோது நானும் கோழி அறுக்கவில்லை. ஆனால் வாயையும் சேர்த்தது தங்கள் சொந்தச் சேர்க்கை என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை. ஆறு வருடம் காத்திருந்தவர்கள் வேலியைக் கொஞ்சம் தள்ளித்தான் போடுவார்கள். அன்றே அமுதம் அவன் கையிலிருந்து கொசு பேட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போது மூன்று அறைக்கும் நான்தான் கொசு அடிக்கிறேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தில் கடிக்கும் கொசுவை வாயால் ஊதிக்கொண்டிருக்கிறான்.

கொசுவோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அரிகரனுக்கு மீன் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை என்பது தங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்பதைத் தாங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தென்பெண்ணையில் நம் ஊர்ப் படுகை அணைக்குக் கீழே ஒரு மடு இருக்கிறது. கோடையில் ஆறு முழுக்க மணலானாலும் அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை, வாலடியில் கருப்புப் பொட்டு. வலை போடுகிற வீரப்பன் அதைப் பொட்டுக்கெண்டை என்கிறான். அரிகரனின் மேலதிகாரி இளவரசி அம்மா அதற்கு லத்தீனில் ஒரு பெயர் சொன்னார், எழுதிக்கொள்வதற்குள் போய்விட்டது. இந்தப் பக்கத்து ஆற்றில் எங்கே தேடியும் அது கிடைக்கவில்லையாம், இந்த மடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதாம். மிஞ்சியதும் நிம்மதியாக இல்லை. மடு முழுக்க ஜிலேபி. சந்தையில் வாங்கிக் குழம்பு வைக்கிறோமே, அந்த ஜிலேபி மீன்தான். கடல் தாண்டி எங்கிருந்தோ கொண்டுவந்து குளத்தில் விட்டது, ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது கெண்டையின் முட்டையைத் தின்கிறது. தன் கூட்டுக்காக அடித்தரையில் தட்டளவு குழி தோண்டி, கெண்டை முட்டையிடும் புல்லையும் வேரோடு பெயர்த்துவிடுகிறது. அதோடு கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வளர்ப்பார்களே, டேங்க் கிளீனர் என்று, முதலைத் தோல் போட்ட மீன், அதையும் யாரோ அலுத்துப்போய் ஆற்றில் கொட்டியிருக்கிறார்கள். அது கரையைக் குடைகிறது.

ஆகவே புது வெள்ளம் வருவதற்குள் மடுவிலிருந்து இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். வெள்ளத்தில்தான் கெண்டை முட்டையிடும். வெள்ளம் வந்தால் மடுவும் ஆறும் ஒன்றாகிவிடும், அப்புறம் வலையெல்லாம் வீண். எடுத்த மீனை உயிரோடு கரையை விட்டு நகர்த்தக் கூடாது, ஐஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஐஸில் போடு என்பதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போடச் சொல்ல வேண்டியவன் அரிகரன்.

நான் முதல் நாள் கரையில் நின்று பார்த்தேன். எனக்கு வேலை இல்லை, ஆவல் இருந்தது. வீரப்பன் வலையை இழுத்துக் கொட்டினான். அதற்கு முந்திய மாதம் சோதனை வலையில் வந்த இரண்டு விரால் குஞ்சை அவனாக ஐஸில் போட்டு, நாட்டு மீனை யாரைக் கேட்டுப் போட்டாய் என்று இளவரசி அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து அவனிடம் ஒரு பிடிவாதம். சார் பார்த்து, சார் வாயால் சொன்னால்தான் எந்த மீனும் பெட்டிக்குள் போகும்.

"இன்னா சார், இத போடவா?" என்று ஒரு ஜிலேபியைத் தூக்கிக் காட்டினான்.

அரிகரன் மீனைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்டி ஓரமா வைங்க," என்றான்.

"ஓரமான்னா? ஐஸ்லயா?"

"ஓரமா. தண்ணில."

"தண்ணிலேர்ந்துதான சார் புடிச்சன்."

"வேற தண்ணில வைங்க, வீரப்பண்ணா."

சம்பந்தி, அன்று முழுக்க இப்படியே நடந்தது. கரையில் இருந்த டிரம் நிறைந்தது. மறுநாள் அரிகரன், தான் விரலை உயர்த்தினால் போடலாம் என்று வீரப்பனுக்குச் சொல்லிவைத்துப் பார்த்தான். சாப்பாடு கொண்டுபோன அமுதம் அதைப் பார்த்துவிட்டாள். "வெரல தூக்கறதும் வாயால சொல்றதும் ஒண்ணுதான்டா" என்று அங்கேயே அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அன்று மாலை அவன் தங்களுக்குப் போன் செய்தானே, ஐஸில் வைக்கச் சொன்னால் அது கணக்கில் வருமா என்று. தாங்கள் ஸ்பீக்கரில் பத்துப் பேர் நடுவே "அதுவும் அதுதான் மாப்ள" என்று சொன்னது எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்டது.

மீன்கள் வீட்டுக்கு வந்த கதை அதுதான். உயிரோடு நகர்த்தக் கூடாது என்ற விதியை மீறித்தான் கொண்டுவந்தான், வேறு வழி தெரியவில்லை. முதலில் தண்ணீர் டிரம், பிறகு துணி ஊறவைக்கும் டப், பிறகு பசுவுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. அதற்குப் பிறகு, சம்பந்தியம்மாள் பக்கத்தில் இல்லை என்று நம்பி எழுதுகிறேன், சீராகத் தாங்கள் கொடுத்த இரண்டு பித்தளை அண்டா. பெரியதில் ஜிலேபி, சின்னதில் டேங்க் கிளீனர்.

எனக்கு வாழ்க்கையில் இவ்வளவு நேரம் மீனைப் பார்க்கக் கிடைத்ததில்லை. காலைக் காப்பியோடு அண்டா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். ஒரு ஜிலேபி நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. தொண்டை வீங்கியிருந்தது. நோய் என்று நினைத்துத் தனியாக ஒரு வாளியில் விட்டேன். மறுநாள் அது வாயைத் திறந்ததும் கடுகு சிதறினதுபோல் குஞ்சுகள் வெளியே வந்தன. நான் விரலை நீட்டியதும் அத்தனையும் திரும்ப வாய்க்குள் போய்விட்டன. புவனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வெயில் ஏறும்வரை விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, இதுக்கும் மசக்கையா? ஒண்ணும் துன்ன மாட்டேங்குதே," என்றாள்.

அப்போது எனக்குப் புரிந்தது, இந்த மீன் ஏன் எங்கே போனாலும் ஜெயிக்கிறது என்று. கெண்டை முட்டையைப் புல்லில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. இது வாயில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது. அமுதமும் வந்து பார்த்தாள். பார்த்தது தப்பாகப் போயிற்று. "வாயில புள்ளய வச்சினு இருக்கறத எவன் ஐஸ்ல போடச் சொன்னது?" என்று திட்டத்தின் மேலேயே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. டேங்க் கிளீனரிடமும் அவளுக்கு ஓர் இளக்கம். சின்ன அண்டாவின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அது பாசியை வழித்தெடுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் இப்படி வராது என்கிறாள்.

இந்த இளக்கத்தில்தான் அடுத்த விபரீதம். எதிர்வீட்டுத் தையலம்மாள் ஒரு நாள் வந்து அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அமுதம் இதுங்கள வூட்டுல போட்டு அடச்சி வச்சிகினு? கோயில் குளத்துல வுட்டுட்டா புள்ளத்தாச்சிக்குப் புண்ணியம்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் குளித்துவிட்டு வந்தால் அமுதத்தைக் காணோம், ஒரு குடத்தையும் காணோம். துண்டோடு ஓடினேன். குளத்துப் படியில் குடத்தைச் சாய்க்கப் போன கையைப் பிடித்தேன்.

"வுடுங்க. ஊரு பாக்குது," என்றாள்.

"அமுதம், இதுல ரெண்டு வுட்டா போதும். அடுத்த வருஷம் இந்தக் குளத்துல வேற மீனே இருக்காது. நம்ம புள்ள அங்க எடுக்கறத நீ இங்க வுடற."

"அவன் எங்க எடுக்கறான்? எடுத்து எங்க வைக்கறான்?"

குடத்தை நான் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வழியில் வீரப்பன் சைக்கிளை நிறுத்திக் கேட்டான், அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகமாம்: "எங்கப்பன் சின்னப் புள்ளயா இருக்கும்போதே ஜிலேபி வந்துட்ச்சின்றாங்க சார். இன்னுமா அது வெளியூரு?" நல்ல கேள்வி. அமுதம் மதகடிப்பட்டிலிருந்து கல்யாணமாகி வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இன்னும் இந்தத் தெருவில் அவள் மதகடிப்பட்டாள்தான். இதை நான் வீட்டுக்கு வந்த இளவரசி அம்மாவிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "வந்ததுக்கு யாரும் குத்தம் சொல்லல சார். வந்த எடத்துல இருக்கறவன் முட்டைய விட்டுவெச்சா நான் ஏன் வல போடறேன்?" அமுதம் உள்ளேயிருந்து, "நான் யாரு முட்டயத் தின்னன்?" என்று கேட்டாள்.

இளவரசி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது விருந்துக்கு அல்ல. மடுவில் மீன் குறைகிறது, ஐஸ் பெட்டியில் மீன் ஏறவில்லை, நடுவில் எங்கே போகிறது என்று பார்க்க வந்தார். அண்டாக்களைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அரிகரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விஷயத்தை அமுதம்தான் சொன்னாள். ஆய்வுப் பட்டம் வாங்கியவர், அதட்டப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் புவனாவைப் பார்த்து, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். பிறகு வெகுநேரம் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருந்தாங்க அரி. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. நானே வந்து வீரப்பனுக்குச் சொல்லலாம்னா எனக்கு ஆத்துல இன்னும் நாலு எடம் இருக்கு. மேல நல்ல மழ. அங்க அணையத் தொறந்தா ஒரு வாரத்துல இங்க தண்ணி வந்துரும். உயிரோட வீட்டுக்கு வந்ததும் தப்பு. வர்ற புதன்கிழமைக்குள்ள நடக்கலன்னா வேற ஆளத்தான் போடணும். அந்தக் கெண்டைக்கு இன்னொரு மடு கெடையாது."

அவர் போன பிறகு அரிகரன் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பின்னால் போனேன். "அப்பா, எனக்கு நம்பிக்க இல்லப்பா. ஆனா ஏதாவது ஆயிட்டா, அந்த மீனாலதான்னு நானே நெனச்சிடுவேன்," என்றான். எனக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும் அதே பயம்தான். எங்கள் இருவருக்கும் நம்பிக்கை இல்லாததால் வீட்டில் மீன் நிறைந்திருக்கிறது.

எனவே தங்களிடம் என் விண்ணப்பம். தடை போட்டவர் தாங்கள், தளர்த்தவும் தங்களால்தான் முடியும். சில சந்தேகங்களைப் பணிவுடன் வைக்கிறேன். தங்கள் மகன், தன் மனைவி மாசமாக இருந்தபோது, கரும்புக்கு மருந்து அடித்ததைத் தாங்கள் "பூச்சி வேற" என்று சொன்னதாக நினைவு. பூச்சி வேறு என்றால் மீன் எதில் சேர்த்தி? சித்திரையில் தாங்கள் வந்த அன்று எங்கள் வீட்டில் மீன் குழம்புதான். அரிகரன்தான் சந்தையில் கைகாட்டி வாங்கிவந்தான். அந்த உயிர் யார் பேரில் எழுதப்பட்டிருக்கும்? இன்னும் ஒன்று. அவன் சொல்லாமல் இருப்பதால் கெண்டை சாகிறது. சொன்னால் ஜிலேபி சாகிறது. வாயைத் திறந்தால் ஒரு உயிர், மூடினால் ஒரு உயிர் என்றால் மாப்பிள்ளை வாயை என்ன செய்வது? இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். "ஆற்று வேலைக்கு இந்தத் தடை இல்லை" என்று தங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால் அவன் ஐஸ் பெட்டி முன் நிம்மதியாக நிற்பான். முடிந்தால் தபால் வேண்டாம், யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அடுத்த மாதம் வளைகாப்புக்கு ஏழு வகை சோறு கிளற அந்த அண்டாக்களும் வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. பசு நன்றாகக் கறக்கட்டும், கரும்பு வெட்டு ஆள் தட்டுப்பாடில்லாமல் முடியட்டும். வளைகாப்புக்குக் குடும்பத்தோடு முதல் நாளே வந்து தங்கி, எங்கள் பிழைகளை இங்கேயே நேரில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சுப்புராயன்.

பின்குறிப்பு: மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இன்று அதற்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பாகூருக்குப் பரிசோதனைக்குப் போன புவனாவிடம் கொடுத்திருந்தேன், உறையை ஒட்டாமல். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து முழுதும் படித்திருக்கிறாள். திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "எங்கப்பாவ கேக்க நாலு பக்கமா மாமா?" என்றாள். மறுநாள் காலை குடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் எடுத்துக்கொண்டு அரிகரனோடு ஆட்டோவில் ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். வீரப்பன் வலையைக் கொட்டினான். அரிகரன் ஒன்றைத் தூக்கி, பழக்கத்தில், "ஜிலேபி" என்றான்.

"போடுங்கண்ணா," என்றாள் புவனா.

"சார் சொன்னாதாம்மா போடுவன்."

"சாரு பேரு சொல்லிட்டாரு. மீதிய நான் சொல்றன். எங்கப்பா இவருக்குத்தான சொன்னாரு, எனக்கா சொன்னாரு? போடுங்க."

வீரப்பன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அரிகரன் மீன் பெயர் சொல்வான், இவள் போடச் சொல்வாள். கெண்டை வந்தால் மட்டும் இருவரும் சேர்ந்தாற்போல் "வுட்டுடுங்க" என்பார்கள். வீட்டில் இருந்தவற்றையும் அவளே முடித்துவைத்தாள். வாளிக்கு முன்னால் நின்று அமுதம் தடுத்துப் பார்த்தாள். "அத்த, நானும் நேத்து வரைக்கும் இத வெரல நீட்டி நீட்டிப் பாத்தவதான். இது இருந்தா அங்க அது இல்ல. யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆவணும்," என்றாள். சொல்லும்போது அவள் முகம் நன்றாக இல்லை. அன்று சாப்பிடவில்லை, மறுநாள் சாப்பிட்டாள். பரிசோதனையில் குழந்தை நன்றாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மடுவில் வலை கெண்டையோடு மட்டும் வந்தது. சனிக்கிழமை தண்ணீர் வந்தது. இன்று காலை அரிகரன் ஓரத்துப் புல்லை விலக்கிக் காட்டினான், வேரோரம் ரவை ஒட்டினதுபோல் முட்டை. எதுவும் அதைத் தின்னவில்லை. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மேலே நான் கேட்ட எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். முக்கியமாக, அனுமதி மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். இளவரசி அம்மா மற்ற நாலு இடத்துக்கும் இந்த ஏற்பாட்டையே கேட்கிறார், பிரசவத்துக்குப் பிறகு புவனாவுக்கும் திட்டத்தில் இடம் உண்டா என்று பார்க்கிறாராம். தாங்கள் தடையை எடுத்தால் தங்கள் மகளுக்கு வேலை போய்விடும். அது அப்படியே இருக்கட்டும். முடிந்தால் போனில் இன்னொரு முறை, ஸ்பீக்கரிலேயே, கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.